வேட்டை போச்சு, ராக்காவல் இருக்கு

டவுன்ல இருந்து வாசிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிடுறேன். எங்க எம். புதுப்பட்டிப் பக்கம் "காட்டுக்குப் போறேன்"னு ஒருத்தர் சொன்னா, புஞ்சைக்குப் போறார்னு அர்த்தம். மரமும் மிருகமும் இருக்கிற காட்டை நாங்க "மலை"ன்னுதான் சொல்லுவோம். மேற்கே நீலமாத் தெரியுதே, அந்தத் தொடர். மலைக்கும் காட்டுக்கும் நடுவுல ஓடை, கண்மாய்க்கரை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற தரிசு. எங்க ஊர் வேட்டை எல்லாம் இந்த நடு இடத்துலதான் நடந்தது.

எங்கய்யா காலத்துல மாசி சிவராத்திரி முடிஞ்சா பாரிவேட்டை. தென்மாவட்டத்துல பல ஊர்கள்ல இருந்த வழக்கம் இது. குலசாமியைக் கும்பிட்டுட்டு ஆம்பளைங்க கூட்டமாக் கிளம்பிடுவாங்க. பெரியப்பா, சித்தப்பா, மாமா, மச்சான்னு எங்க வீட்டுல மட்டுமே பதினோரு பேர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது முதல் தடவை கூட்டிட்டுப் போனாங்க. கம்பஞ்சோத்து உருண்டை, சின்ன வெங்காயம், வறுத்த கடலை, ஒரு சில்லுக் கருப்பட்டி, இதுதான் ரெண்டு நாளைக்குச் சாப்பாடு. துப்பாக்கி ஒண்ணுகூடக் கிடையாது. வேல்கம்பு, வலை, நாய்.

நாய்னா சும்மா நாய் இல்லை. எங்க பக்கத்து ஊர்ப் பேரையே வச்சிருக்கிற சிப்பிப்பாறை. ஒட்டின வயிறு, நீண்ட கால், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுற சாதி. கருப்பு உடம்புல செம்பழுப்பு அடையாளம் இருந்தா அதைக் கன்னிம்பாங்க. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் வானொலியில இந்தப் பேர்களைச் சொன்ன பிறகு டவுன்லயும் நிறையப் பேர் கேட்க ஆரம்பிச்சாங்க. இப்ப இந்த நாய்களை அபார்ட்மெண்ட்ல வளர்க்கிறாங்க. அது ஓடுறதைப் பார்த்தவனுக்கு அதைக் கட்டிப்போட மனசு வராது.

ரெண்டு நாள் நடந்தா நாலு முயல் கிடைக்கும். சில வருஷம் ஒண்ணும் கிடைக்காது. மலையடிவாரம் வரைக்கும் போனா மான் கண்ணுல படும். அது வலையில விழுந்தது ரொம்ப அபூர்வம். ஆனா கிடைச்சதைப் பிரிக்கிறதுல ஒரு முறை இருந்தது. அடிச்சவனுக்குத் தலையும் ஒரு தொடையும். மீதி எல்லாம் சரிபங்கு. என்னை மாதிரிப் பொடியனுக்கும் பெரியவங்களுக்கும் ஒரே அளவுதான். முதல்ல கவ்வின நாய்க்கு ஒரு பங்கு. வேட்டைக்கு அனுப்ப ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு தனியா எடுத்து வச்சிடுவாங்க. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது சின்னப்பயலுக வேலை. கறி ஒரு கை அளவுக்கு மேல இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது ராத்திரிதான். வீட்டுல எங்கய்யா பேசுறது ரொம்பக் குறைச்சல். "சாப்டியா", "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா" அவ்வளவுதான். ஓடைக்கரையில தீ மூட்டி உட்கார்ந்தா வேற ஆளாயிடுவார். கால்தடத்தைப் பார்த்து அது போய் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எப்படிச் சொல்றது, காத்துக்கு எந்தப் பக்கம் நிக்கணும், பிஞ்சை 1 ஏக்கர் வாங்க அவர் எங்கெங்க கடன்பட்டார், எல்லாம் அந்தத் தீ முன்னாலதான் கேட்டேன். சினையா இருக்கிற முயல் ஓடினா நாயைத் திருப்பிக் கூப்பிடணும்கிறதும் அங்க கத்துக்கிட்டதுதான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்தாச்சு. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுற வழியையும் 1991 திருத்தம் அடைச்சிடுச்சு. அது எங்க ஊர் வரைக்கும் வந்து சேர கொஞ்ச வருஷம் ஆச்சு. வேட்டை நின்னதுல எனக்கு வருத்தம் கிடையாது. அந்த ரெண்டு ராத்திரியும் சேர்ந்து போச்சேங்கிறதுதான் ரொம்ப நாள் உறுத்திக்கிட்டு இருந்தது.

என் தங்கச்சி மகன் அமெரிக்காவுல மிச்சிகன்ல இருக்கான். அங்க வருஷா வருஷம் நவம்பர் 15-ந்தேதி மான் வேட்டைக்குத் துப்பாக்கிக் காலம் திறக்குது. தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கிட்டு மரவீட்டுல போய்த் தங்குறாங்களாம். "மாமா, இங்க சட்டப்படியே செய்றாங்க, நம்ம ஊர்ல மட்டும் ஏன் கூடாது?"ன்னு கேட்டான்.

நியாயமான கேள்வி. அங்க மான் பெருகிக் கிடக்கு. மாநில அரசு கணக்குப் பார்த்து, ஆளுக்கு இத்தனைன்னு லைசென்ஸ் கொடுக்குது. அந்தப் பணமும் துப்பாக்கி வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகுது. வரிக்கு 1937-லயே சட்டம் போட்டிருக்காங்க. இங்க நிலைமை வேற. எங்க மலையில 1988-ல சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் வந்தது. 2021-ல மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. மானும் பன்னியும் இல்லாட்டி புலி எதைத் தின்னும்? வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளுக்குத் தண்ணி கொடுக்கிறதே அந்த மலைதான். மலை மொட்டையானா அடுத்தது காயப்போறது நம்ம கிணறு.

அதுக்காகச் சிரமம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பன்னிக்குக் காடும் மலையும் ஒண்ணுதான். இந்த வருஷம் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டேன். கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரே ராத்திரியில பத்து சென்ட் படுத்துடுச்சு. தின்னது கொஞ்சம், மிதிச்சது அதிகம். சுத்திப் பழைய சேலை கட்டினேன், சலூன்ல முடி வாங்கிட்டு வந்து தூவினேன். ஒரு வாரம் ஏமாந்துச்சு, அப்புறம் பழகிக்கிடுச்சு.

டீக்கடையில ஒருத்தர் காதோடு சொன்னார்: "ரெண்டு அவுட்டுக்காய் போடுங்கண்ணே, பிறகு இந்தப் பக்கமே வராது." அவுட்டுக்காய் தெரியாதவங்களுக்கு: தின்கிற பொருளுக்குள்ள வெடிமருந்தை ஒளிச்சு வைக்கிறது. கடிச்ச உடனே வாய் சிதறிடும். செத்தும் போகாம, தின்னவும் முடியாம நாள்கணக்குல அலையும். கடிக்கிறது பன்னியா, மேயப்போன பசுவான்னு அதுக்குத் தெரியாது. பட்டாசு ஊர்ல மருந்துக்கா பஞ்சம்?

வீட்டுல வந்து இதைச் சொன்னேன். என் மச்சினர், வீட்டுக்காரி கூடப்பிறந்த அண்ணன், ஒரு பட்டாசு ஆலை விபத்துல வலது கையைக் கொடுத்தவர். அவ அடுப்பை விட்டு எந்திரிக்காமலே சொன்னா: "மருந்து எங்க வீட்டுல ஒரு கையைத் தின்னது போதும். வாயில்லாச் சீவன் வாயிலயும் வைக்கணுமாக்கும்?" பேச்சு அதோட முடிஞ்சது.

மூணு கிலோமீட்டர் கணக்கு ஒண்ணும் இருக்கு. 2025 ஜனவரியில அரசு சொன்னபடி, காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுடக்கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சு மலையில விடணும். அதுக்கு மேல வந்தா வனத்துறைக்காரங்களே சுடலாம். நாம சுடுறதுக்கு இல்லை. மனு எழுதிக் கொடுத்திருக்கோம். மனு நடக்கிற வேகமும் பன்னி நடக்கிற வேகமும் உங்களுக்கே தெரியும்.

அதனால காவல்தான். அரைப்பரீட்சை லீவுக்குச் சென்னையில இருந்து மகனும் மருமகளும் பேத்தியும் வந்தாங்க. சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி எல்லாரும் காட்டுலயே தங்கினோம். வேப்பமரத்துல பரண், கீழே தீ, சோளக்கதிர் சுட்டுத் தின்னோம். மார்கழிப் பனிக்கு மருமக ரெண்டு போர்வை போர்த்தியும் நடுங்கினா. ரெண்டாம் நாள் ஒரு மணிக்கு வரப்போரம் சலசலப்பு. தகரம், டார்ச், நாலு சரம் வெடி. கூட்டமா ஓடினது மண்ணுலயே அதிர்ந்துச்சு. அன்னைக்குச் சேதம் இல்லை.

விடியுறப்போ ஓடைக்கு அந்தப் பக்கம் புள்ளிமான் ரெண்டு நின்னுச்சு. பேத்தி கேட்டா, "தாத்தா, முன்னாடின்னா அடிச்சிருப்பீங்களா?" "அடிச்சிருப்போம்"னேன். "இப்ப?" "அது புலியோட பங்கு"ன்னு சொன்னேன். பங்குன்னா என்னன்னு கேட்டா. முயல், நாய், ஆம்பளை இல்லாத வீடு, எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. எம் மகன் பக்கத்துல படுத்து முழுசாக் கேட்டான். அவனுக்கும் இதை நான் சொன்னதில்லை.

அடுத்த மார்கழிக்கும் மக்காச்சோளம்தான் போடலாம்னு இருக்கேன். ராக்காவலுக்கு ஆள் வேணும். தகரமும் கதிரும் நான் தர்றேன். போர்வையை மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க.