கரிசலாங்கண்ணிக் காலம்

புரட்டாசி, வெள்ளி

சீப்பை இழுத்தால் கொத்தாக வருகிறது. வகிடு அகன்று, நெற்றியின் இரண்டு ஓரத்திலும் தோல் தெரிகிறது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும் தாயி. உங்கம்மாவுக்கும் கொட்டுச்சு" என்றாள் அம்மாச்சி. குழந்தை சிரிக்கத் தொடங்கிய நாளும் முடி கொட்டத் தொடங்கிய நாளும் அப்படியே பொருந்துகின்றன. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் தங்கிவிடுகிறது. பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்க, தங்கியதெல்லாம் ஒருசேர ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் விழுகிறது. சாதாரணமாகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிரும் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் வயிறு கலங்குகிறது.

புரட்டாசி, ஞாயிறு

வாய்க்கால் ஓரமெல்லாம் கரிசலாங்கண்ணி. வெள்ளைப் பூ பூத்ததைத்தான் தைலத்துக்குப் பறிக்க வேண்டும் என்பது அம்மாச்சியின் கட்டளை. மஞ்சள் பூக்காரி வேறு செடி, அவள் கீரைக்கு. மண் போகக் கழுவி உரலில் இடித்து, பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்தோம். பச்சையாக வடிந்த சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. என் விரல்களில் ஏறிய கறை சோப்புக்கு அசையவில்லை.

சாறு ஒரு பங்கு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு. அரைத்த நெல்லிக்காயும் கறிவேப்பிலையும் கொஞ்சம். இரும்புச் சட்டி, சிறு தீ. அவசரப்பட்டால் அடியில் கசடு கருகி எண்ணெயெல்லாம் தீய்ந்த வாடை அடித்துவிடும் என்பதால் அம்மாச்சி கரண்டியை என்னிடம் தரவே இல்லை. முதலில் சடசடவென்று பொரிந்தது, பிறகு சத்தம் தணிந்தது. கசடை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். மெழுகாக ஒட்டியது, இன்னும் ஆகவில்லை. மறுபடி கிண்டி, அது மணலாக உதிர்ந்ததும் துளியை நெருப்பில் போட்டாள். வெடிக்கவில்லை. நீர் துளியும் மிச்சமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நீர் தங்கினால் தைலம் சீக்கிரம் கெட்டு நாறும். எந்த அளவுகோலும் இல்லாமல் காதாலும் விரலாலும் அவள் பதம் பார்த்ததை நான் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். அவளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இதைச் செய்ய ஆளில்லை.

ஐப்பசி, செவ்வாய்

எண்ணெய் முழுக்கு. வெதுவெதுப்பான தைலத்தை அம்மாச்சி விரல்நுனியால் தேய்த்தாள், நகம் படாமல். சீயக்காய் போட்டு அலசியதும் சிக்கு குறைந்தது. தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஆய்வொன்று சொல்கிறது. கரிசலாங்கண்ணிச் சாற்றை எலிகளுக்குத் தடவியபோது முடி விரைவில் முளைத்திருக்கிறது. எலி வேறு, என் தலை வேறு. இருக்கும் முடி ஒடியாமல் காக்கத்தான் இந்தத் தைலம் என்று நான் நம்புகிறேன். வழுக்கையில் காடு வளர்க்கும் என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே, அது ஏமாற்று. நல்ல மருந்தின் பெயரைக் கெடுக்கும் ஏமாற்று.

ஐப்பசி, வியாழன்

டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரும்புச்சத்து குறைவு. மாத்திரை தந்தார். பிரசவத்தில் போன ரத்தம் ஈடாகாவிட்டால் முடி தேறுவதும் தாமதமாகுமாம். தைலம் தேய்க்கலாமா என்றேன், தாராளமாக என்றார். அம்மாச்சி மாத்திரைக்கு முகம் சுளிக்கவில்லை. "உள்ளே ரத்தம் ஊறணும், அப்புறந்தான் மயிரு" என்றவள், மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பாசிப்பருப்போடு கடைந்து வைத்தாள். வள்ளலார் போற்றிய கீரை என்று சொல்லிச் சொல்லியே இரண்டாவது கரண்டியும் விழுந்தது.

மார்கழி, திங்கள்

நெற்றியோரத்தில் குட்டி முடிகள், சீப்புக்குப் படியாமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். பழைய பின்னலுக்கு இன்னும் வெகுநாள் ஆகும். குட்டி முடிகள் முளைத்தது எதனால் என்று அம்மாச்சியோடு வாதாடவில்லை. பிரசவத்தில் போன முடி ஓராண்டுக்குள் பெரும்பாலும் தானாகவே திரும்பும், இரும்பு உதவியிருக்கும், தைலமும் அதன் வேலையைச் செய்திருக்கும்.

நாத்தனார் ஒரு பாட்டில் கேட்டு வந்திருக்கிறாள். அவளுக்குப் பிரசவமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உச்சி ஒரு வருடமாக மெலிந்துகொண்டே போகிறது, உடம்பும் அசதி. தைலத்தைக் கொடுத்து, நாளைக் காலை தைராய்டு பரிசோதனைக்கு நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.