அடியில்லாப் பெட்டி

பம்மலில் நாங்கள் குடியிருந்த காலத்தில் மத்தியானத்தைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் பார்த்ததில்லை. சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் குவாரிகளில் வேட்டு வைப்பார்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். சுவர் விரிசலிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "வேட்டு வச்சுட்டான், ஒலை வைக்கணும்" என்பாள். அந்த வேட்டை வைப்பவர் யார், பெயர்ந்து விழும் கல்லை உடைப்பவர் யார் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

1987-ல் எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் சேர்ந்தேன். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய பள்ளி. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மற்றவர்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம் என்று போக, எனக்குத் திரிசூலம் குவாரிகள் விழுந்தன. பல்லாவரத்தில் ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷன். ஒருபுறம் விமான நிலையம், மறுபுறம் மலை. சோழர் காலத்துச் சிவன் கோயிலைத் தாண்டிப் போகப் போக மண்பாதை வெளுத்துக்கொண்டே போகும். வேலிக்காத்தான் இலை, குடிசைக் கூரை, கட்டியிருக்கும் ஆடு, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் கல்மாவு.

முதல் நாள் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது கால் நடுங்கியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறையின் பக்கவாட்டில் ஆட்கள் தொங்கித் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே, நாலு கழி நட்டு ஓலை போட்ட நிழலில், பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மழை பொய்த்த வருஷத்தில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புருஷனோடு வந்தவர்.

அவர் கை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பழைய டயரிலிருந்து அறுத்த வளையம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் கல்லை நிறுத்துவார். சில்லு தெறித்தால் வளையம் தடுக்கும். இடது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார். சுத்தியலை ஓங்கி அடிக்க மாட்டார். கல்லை ஒரு திருப்புத் திருப்பி, அதன் வாட்டம் பார்த்து, இரண்டு தட்டு. முக்கால் ஜல்லி அளவில் பிளந்து விழும். நான் ஒருநாள் அடித்துப் பார்த்தேன். சுத்தியல் எகிறியது, கல் அப்படியே இருந்தது. "கல்லு வாட்டம் காட்டும் டீச்சர், அத பாத்து அடிக்கணும்" என்றார்.

அது சாமானியமான கல் இல்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகைக்கல் இந்தப் பல்லாவரம் மலைப்பக்கத்திலிருந்து போனது என்று சொல்லி, ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் இதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். அதிலே குவார்ட்ஸ் நிறைய. கல்லுக்கு அவ்வளவு உரம் கொடுக்கும் அந்தக் குவார்ட்ஸ், பொடியாகி மூச்சோடு உள்ளே போனால் என்ன செய்யும் என்பதை நான் பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

கூலி நாள் வெள்ளிக்கிழமை. அன்றுதான் பல்லாவரம் சந்தையும். மேஸ்திரி சாயங்காலம் ஒரு மரப்பெட்டியோடு வருவார். அடிப்பலகை இல்லாத பெட்டி. தரையில் வைத்து, உடைத்த ஜல்லியைப் பாண்டில் அள்ளி அள்ளி உள்ளே கொட்டுவார்கள். நிரம்பியதும் பெட்டியைத் தூக்கினால் சதுரமாக ஒரு குவியல் நிற்கும். அது ஒரு பெட்டி. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. அதில் முன்பணத்துக்குக் கழிவு, அரிசிக்கடைப் பாக்கிக்குக் கழிவு. மிச்சத்தை அக்கா எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொள்வார். எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை என் காதருகே குனிந்து, "பொட்டி வளருது டீச்சர்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி நிரம்பும், இப்போது வெயில் சாய்ந்தாலும் நிரம்பவில்லை, தன் கை ஒன்றும் தளரவில்லை என்றார். அடுத்த வாரம் பைக்குள் தம்பியின் ஸ்கேலைக் கொண்டுபோனேன். மேஸ்திரி டீக்கடைக்குப் போன நேரத்தில் அளந்தேன். பன்னிரண்டு அங்குல உயரம் என்று பேச்சு. பதினான்கு இருந்தது. மேல் விளிம்பில் இரண்டு அங்குலச் சட்டம் புதிதாக ஆணியடித்திருந்தது. ஆணி இன்னும் பளபளவென்று இருந்தது.

அதை நோட்டில் எழுதினேன். பெண்களிடம் சொன்னேன். அடுத்த இரண்டு நாள் அவர்கள் சுத்தியலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். லாரி காத்து நின்றது. மூன்றாம் நாள் சட்டத்தைப் பிடுங்கி எறிந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன்னால் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள்.

அதன் விலையை அக்கா கொடுத்தார். மறுவாரமே முன்பணம் முழுவதையும் உடனே வை என்றார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒருவரிடம் வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்பட்டால், அதற்குப் பின்னால் ஒரு முன்பணம் இருக்கிறது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று நீதிபதி பகவதி எழுதினார். வகுப்பில் அதைப் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். திரிசூலத்தில் அந்தத் தீர்ப்பை யாரிடம் எடுத்துக்கொண்டு போவதென்று எனக்குத் தெரியவில்லை. ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், "எழுத்து மூலமா ஏதாச்சும் இருக்கா?" என்றார்கள். அக்காவின் புருஷன் கிரஷரில் இரட்டை ஷிப்ட் நின்று கடனைக் கழிப்பதாக ஒப்புக்கொண்டார். அதைத் தடுத்திருக்க வேண்டும். முடியவில்லை.

கிரஷரில் தூசி புகை மாதிரி எழும். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. ஏற்கெனவே பதினோரு வருஷம் அதில் நின்றவர். இருமல் நிற்காமல் தெருமுனை டாக்டரிடம் டி.பி. என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு கயிறாக இளைத்தது. ஒரு காலையில் அவர்கள் இரண்டு பேரையும் ரயிலேற்றித் தாம்பரம் சானடோரியத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காக 1928-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்துக்குள் நுழைந்ததும் அக்கா புருஷன் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, "காத்து நல்லா இருக்குது" என்றார்.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதல் கேள்வி, "என்ன வேலை?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பதிலைக் கேட்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிலிக்கோசிஸ்மா. கல்தூசி நுரையீரல்ல தங்கிடுச்சு. டி.பி.யும் சேர்ந்து வரும். டி.பி.க்கு மருந்து இருக்கு, இதுக்கு இல்ல. தூசிய விட்டு வெளிய வரச் சொல்லுங்க." கடன் கழியும்வரை வெளியே வர முடியாதவரிடம் அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அடுத்த மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். வயது நாற்பதுகூட இருக்காது.

சிலிக்கோசிஸ், 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்த தொழில் நோய். அதற்கு இழப்பீடு உண்டு. அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? வருகைப் பதிவேட்டைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேஸ்திரியின் பெயர் எழுதி, அதற்கு எதிரே "ஆட்கள் 14" என்று இருந்தது. பக்கம் பக்கமாக அப்படித்தான். முன்பொரு நாள் நான் நோட்டில் பெயர் எழுத முயன்றபோது அக்கா, "எம்பேரு போடாத டீச்சர், மேஸ்திரி பேரு போடு, ஏட்டுல அவருக்குத்தான் பேரு" என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கம் 1979-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைய 1994 ஆயிற்று. வாரியத்தின் தொழில் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கொத்தனார், தச்சர், பெயின்டர் எல்லோருக்கும் முன்னால், முதல் வரியில், கல் வெட்டுபவர், கல் உடைப்பவர். மறுநாளே படிவங்களை எடுத்துக்கொண்டு திரிசூலம் போனேன். குடிசை வரிசை இருந்த இடத்தில் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்த பையன்களுக்கு எதுவும் தெரியவில்லை. மேஸ்திரி ஆட்களை ஓட்டிக்கொண்டு மதுராந்தகம் பக்கம் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. குளிக்கப் போகும் பிள்ளைகள் மூழ்கிச் சாகிறார்கள். 2017 வறட்சியில் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பள்ளங்களை வெட்டியவர்களின் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கிரஷர்கள் உத்திரமேரூர்ப் பக்கம் தள்ளிப் போய்விட்டன. சித்தாள் வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களையும் யாரோ ஒரு மேஸ்திரிதான் அழைத்து வருகிறார். உங்கள் தெருவில் ஜல்லி கொட்டியிருந்தால், அங்கே வேலை செய்பவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அவரவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.