அம்மாவின் முழங்காலும் மூன்று அபராதங்களும்

2020 ஜனவரியில் ஒரு மதியம், டெல்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டுக்கு இத்தாலியிலிருந்து மூன்று பதிவுத் தபால்கள் வந்தன. நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அம்மா. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, தொகை யூரோவில். நான் வீடு திரும்புவதற்குள் அதை ரூபாயாக மாற்றி, கூட்டி, ஒரு கவரின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தார்.

"ஏண்டா, இது எனக்காக உள்ளே போனதுக்குத்தானே?"

"அதெல்லாம் விடும்மா" என்றேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் ஆமாம்தான்.

அதற்கு எட்டு மாதம் முன்பு, 2019 மே மாதத்தில், ரோமில் வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு ஃப்ளாரன்ஸ் போனோம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம். ஆர்னோ நதியின் தென்கரையில், பிட்டி அரண்மனைக்குப் பக்கத்தில் ஹோட்டல் எடுத்திருந்தோம். அம்மாவை ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிட்டு, பிறகு சாவகாசமாக காருக்கு இடம் தேடுவது என் திட்டம். பார்க்கிங் என்பது கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கும் ஆள் நான். டெல்லிவாசிகள் பலரும் அப்படித்தான்.

ஃப்ளாரன்ஸ் மதில் சூழ்ந்த ஊராக இருந்தது. 1865இல் அது இத்தாலியின் தலைநகரானபோது ஜியூசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் வடகரை மதிலை இடித்து, அந்த இடத்தில் அகலமான சாலைகளைப் போட்டார். நகர வாயில்கள் சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார். தென்கரையில் மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. ரோமிலிருந்து வருபவர்களை எதிர்கொள்ளும் போர்ட்டா ரோமானா 14ஆம் நூற்றாண்டு வாயில். அதைப் பார்த்து அம்மா, "புரானா கிலா மாதிரி இருக்கு" என்றார். பிரமாண்டமான கதவுதான். ஆனால் என்னைப் போன்றவர்களை நிறுத்துவது அந்தக் கதவல்ல. பழைய நகருக்குள் திரும்பும் தெருக்களின் முனையில் ஒரு கம்பத்தில் கேமரா, சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டம், பக்கத்தில் மின்எழுத்துப் பலகை. இத்தாலியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து மண்டலம். சுருக்கமாக இசட்.டி.எல். வார நாட்களில் காலை 7.30லிருந்து இரவு 8 மணி வரை அனுமதியில்லாத கார் நுழையக்கூடாது. அன்று செவ்வாய்க்கிழமை, மணி இரண்டு.

பலகையில் 'வார்கோ ஆத்திவோ' என்று ஒளிர்ந்தது. வார்கோ என்றால் வாயில். ஆத்திவோ என்பது ஆக்டிவ். வாயில் இயங்குகிறது, அதாவது திறந்திருக்கிறது என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். உண்மையில் இயங்குவது கேமரா. எனவே வாயில் மூடியிருக்கிறது என்று பொருள்.

"என்னங்க, சிவப்பு வட்டம் போட்டிருக்கே" என்றாள் மனைவி.

"முன்னாடி போற கார் போகுதே?"

முன்னால் போனது அந்தத் தெருக்காரரின் காராக இருக்கும். நம் ஊரில் தடை என்றால் இரும்புத் தடுப்பு இருக்கும், விசில் இருக்கும், ஜன்னலைத் தட்டும் கம்பு இருக்கும். எதுவும் தடுக்காவிட்டால் போகலாம் என்று அர்த்தம். செல்போன் வரைபடமும் நேராகப் போகச் சொன்னது. போனேன்.

ஹோட்டலில் இறங்கியதும் வரவேற்பு மேஜையிலிருந்த பெண் புன்னகையோடு கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கார் நம்பர் என்ன?" நான் உஷாரானேன். பார்க்கிங் கட்டணம் என்று எதையாவது பில்லில் சேர்த்துவிடுவார்கள். "காரை இங்கே நிறுத்தப்போவதில்லை. நம்பர் தேவையில்லை" என்றேன். இரண்டாவது முறையும் கேட்டார். இரண்டாவது முறையும் மறுத்தேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பிறகு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு இடம் தேடினேன். இத்தாலியில் பொதுவாக நீலக் கோடு என்றால் பணம் கட்டி நிறுத்தலாம். மஞ்சள் கோடு குறிப்பிட்டவர்களுக்கானது. வெள்ளைக் கோடு இலவசம் என்பார்கள், ஆனால் ஃப்ளாரன்ஸின் பல தெருக்களில் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. காலியாக ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஆசையாக நிறுத்தியபோது, மாடி ஜன்னலிலிருந்து ஒரு கிழவர் விரலை ஆட்டினார். இன்னொரு இடத்தில் தெரு கழுவும் நாளும் நேரமும் எழுதிய பலகை. அந்த நேரத்தில் நிற்கும் காரை இழுத்துப் போய்விடுவார்கள். பாலம் கடந்து வடகரையில் சுற்றினேன், இன்னொரு கேமராவைத் தாண்டினேன். அதன் அடியிலும் 'ஆத்திவோ' தான். முக்கால் மணி நேரம் கழித்துக் கடைசியில் நிறுத்திய இடம் எது தெரியுமா? போர்ட்டா ரோமானாவை ஒட்டிய நிலத்தடி நிறுத்துமிடம். வந்தபோது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். எந்தக் கேமராவையும் கடக்காமல் அதற்குள் போகலாம். அங்கிருந்து ஹோட்டல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. டாக்ஸிகளுக்கு மண்டலத்தில் தடை கிடையாது.

மறுநாள் காலை அம்மாவை ஏற்றிக்கொள்ள மறுபடியும் உள்ளே போனேன். அது மூன்றாவது.

ஊர் திரும்பிச் சில மாதங்களில் கிரெடிட் கார்டில் மூன்று சிறு தொகைகள் பிடிக்கப்பட்டிருந்தன. போலீஸ் கேட்டபோது என் பெயரையும் முகவரியையும் கொடுத்ததற்காக கார் நிறுவனம் எடுத்துக்கொண்ட கூலி. அதை நான் வீட்டில் சொல்லவில்லை. வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. மறந்துவிட்டார்கள் என்று நினைக்கும் நேரத்தில் சரியாக வந்து சேரும். அபராதம் ஒவ்வொன்றும் 100 யூரோவுக்கு மேல். அப்போதெல்லாம் ஒரே நாளில் இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம்.

அம்மா பென்ஷன் கணக்கிலிருந்து 35,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னேன். பிறகு வங்கியில் போட்டுவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பணம் போனதோடு நிற்கவில்லை. கோவிட் ஓய்ந்து எல்லோரும் மறுபடி பயணம் கிளம்பியபோது அம்மா வரவில்லை. ஜெய்ப்பூருக்கு வரவில்லை. மைசூரில் உறவுக்காரக் கல்யாணத்துக்கும் வரவில்லை. "எனக்காக வாசல் வரைக்கும் கார் கொண்டுவரணும். எதுக்கு உங்களுக்கு வீண் செலவு?" என்பார். மனைவி என்னைப் பார்ப்பாள். ஹோட்டல் மேஜையில் நடந்தபோது அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முழு விவரம் தெரியாது.

2023 கோடையில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இத்தாலி போவதாகச் சொல்லி, போனில் யோசனை கேட்டார். அனுபவஸ்தன் அல்லவா, பொழிந்து தள்ளினேன். "ஃப்ளாரன்ஸுக்குள்ளே காரே வேண்டாம். ஏ1 நெடுஞ்சாலையிலேயே வில்லா கோஸ்தான்சா என்று ஒரு பார்க்கிங் இருக்கிறது, 2017இல் திறந்தது. சாலையை விட்டு வெளியேறாமலே நிறுத்திவிட்டு டிராம் பிடித்தால் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷன் பக்கம் இறங்கலாம். அங்கிருந்து டாக்ஸி. அப்பாவால் நடக்க முடியாதா? அப்படியென்றால் ஹோட்டல்காரர்களிடம் கார் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். சாமான் இறக்க, ஆளை இறக்க என்று அவர்களே பதிவு செய்துவிடுவார்கள், அபராதம் வராது. அவர்களே கேட்பார்கள். கேட்டால் மட்டும் தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்."

போனை வைத்துத் திரும்பினேன். அடுத்த அறை வாசலில் அம்மா, கைத்தடியோடு.

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"கொடுக்கலையா?"

"பார்க்கிங் காசு கேட்பாங்கன்னு நினைச்சேன்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, கணக்கு டீச்சர் குரலில்: "மூணுல என் முழங்காலுக்கு எத்தனை?"

முதலாவதும் மூன்றாவதும் நம்பர் கொடுத்திருந்தால் வந்திருக்காது. இரண்டாவதில் அம்மா காரிலேயே இல்லை.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

"அப்ப என் பணத்தைக் குடு."

மறுநாள் 35,000 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பினேன். பாஸ் புத்தகத்தில் பதிந்து வரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். மூன்று வருட வட்டி எங்கே என்று கேட்டார். அதையும் கட்டினேன். அந்த அக்டோபரில் ஜெய்ப்பூர் போனபோது முன்சீட்டில் அம்மா உட்கார்ந்துகொண்டார். வழியில் இருந்த பலகைகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.