குழாயில் தங்கிய நீர்

வட அமெரிக்காவின் வடபுல மாநிலங்களில், இலையுதிர் காலம் முடியும் தறுவாயில், வீட்டு முற்றங்களில் ஒரு வேலை நடைபெறுவதைக் காணலாம். ‘ஆர்.வி.’ எனப்படும் வீட்டு வண்டியைக் குளிர்காலத்திற்கு ஆயத்தப்படுத்தும் வேலை அது. படுக்கை, அடுப்பு, குளியலறை, வெந்நீர்க் கலம் அனைத்தும் கொண்ட அவ்வண்டி, கோடையில் குடும்பத்தோடு ஏரிக்கரைதோறும் உலவும். உறைபனிக் காலத்தில் மாதக்கணக்கில் அசையாது நிற்கும். அவ்வாறு நிறுத்துமுன் அதன் குழாய்களிலுள்ள நீரை அகற்றியே ஆகவேண்டும்.

குளிர்ந்தால் சுருங்குவது பொருள்களின் பொது இயல்பு. நீரோ 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கிப் பின்னர் விரியத் தொடங்குகிறது. உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. இவ்வியல்பினாலேயே பனிக்கட்டி ஏரியின்மேல் மிதந்து, அடியிலுள்ள மீன்களுக்குக் கூரையாகிறது. அதே இயல்பு, மூடிய குழாய்க்குள் போக்கிடம் காணாமல் குழாயையே பிளந்துவிடுகிறது.

மின்னசோட்டா மாநிலத்தில் நாம் சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றியபோது, ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் ஓர் அக்டோபர் மாதத்தில் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். ஆண்டுதோறும் மனைவி பட்டியலை வாசிக்க, இவர் திருகுகளைத் திருப்புவாராம். அக்கோடையில் அவ்வம்மையார் மறைந்துவிட்டார். “ஃபாதர், நீங்கள் வாசித்தால் போதும், கைவேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். வண்டியை விற்றுவிடுமாறு பிள்ளைகள் வற்புறுத்திவந்தனர் என்பதையும் நாம் அறிந்திருந்தோம்.

அம்மையாரின் கையெழுத்தை நாம் வாசித்தோம். வெந்நீர்க் கலம் நன்கு ஆறியபின், அழுத்தத்தை வெளியேற்றிவிட்டே அதன் அடைப்பைக் கழற்ற வேண்டும். கலத்தை வடித்ததும், அதனுள் எதுவும் புகாதவாறு மாற்றுவழித் திருகைத் திருப்ப வேண்டும். தாழ்வான இடத்திலுள்ள வடிகுழாய்களைத் திறந்துவிட வேண்டும். அதன்பின் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீர்மத்தை வண்டியின் பம்பு உறிஞ்சும். அது புரொப்பிலீன் கிளைக்கால் கலந்தது. கார் எந்திரத்திற்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்காலோ நஞ்சு, குடிநீர்க் குழாயில் அதற்கு இடமில்லை. குழாய் ஒவ்வொன்றையும், வெந்நீர்ப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் என இரண்டையும், இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்வரை திறந்து வைக்க வேண்டும். கழிவறையையும் மறத்தலாகாது. தொட்டிகளின் அடியில் வளைந்த குழாய்களில் நீர் ஒளிந்திருக்கும்; அவற்றிலும் ஒரு குவளை ஊற்ற வேண்டும்.

பட்டியலின் இறுதியில் இருமுறை அடிக்கோடிட்ட ஒரு வரி இருந்தது: “வெளிப்புறக் குளியல் குழாய்! நீ மறந்துவிடுவாய்.” அதை வாசித்தபோது பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அக்குழாயிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான், மனைவி இறந்தபின் முதன்முறையாக, அவர் அழக் கண்டோம். நாமும் உடன் நின்றோம்; ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை.

வண்டியை விற்பதா என வினவினோம். “அதை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்வதானாலும் கொடுத்துவிடுவதானாலும், குழாய் முழுதாக இருக்கவேண்டும் அல்லவா?” என்றார்.

அம்மொழியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உறைதடுப்பு நீர்மம் குளிரைத் துரத்துவதில்லை. கடுங்குளிரில் அதுவும் கூழாக இறுகும். ஆயினும் குழாயை உடைக்கும் அளவுக்கு விரிவதில்லை. துயர் உற்றோர்க்கும் இத்தகைய துணையே தேவை. குளிர்காலத்தைத் தவிர்க்க எவராலும் இயலாது. பெரிய முடிவுகளை அதன் நடுவில் எடுக்கவேண்டியதும் இல்லை. போக்கிடமின்றித் தங்கிய நீரே குழாயைப் பிளக்கிறது. நாம் மறந்துவிடும் அந்தக் கடைசிக் குழாயை நினைவூட்ட ஒருவர் அருகிருப்பதும், அது திறக்கும்வரை அவர் பொறுமையோடு நிற்பதுமே பெரும் உதவி அன்றோ!