கையொப்பமும் ஓர் அமானிதமே

உடல் நம் சொந்த உடைமை அன்று, இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோயுற்றால் மருத்துவம் தேடுமாறு பணித்ததும் நம் மார்க்கமே. ஆனால் மருத்துவம் தேடிச் சென்ற இடத்தில், “புதிய மருந்தொன்றைச் சோதிக்கிறோம், உங்கள் வீட்டு நோயாளியைச் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்கப்பட்டால் என்ன செய்வது? பெரிய மருத்துவமனைகளில் இக்கேள்வி இன்று நம் குடும்பங்களையும் எட்டிவிட்டது.

இத்தகைய ஆய்வுகளை முற்றாக வெறுத்து ஒதுக்குவது நியாயமாகாது. இன்று நாம் உண்ணும் பல மருந்துகள், முன்பின் அறியாத யாரோ சிலர் சோதனைக்கு இசைந்ததால்தான் நம் கைக்கு வந்துள்ளன. கேள்வி ஆய்வைப் பற்றியது அன்று, இசைவைப் பற்றியது.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், ஆய்வுத் திட்டம் ஒன்றின் கீழ் ஆயிரக்கணக்கான சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் நேர்ந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணை கூறியது. அத்தடுப்பூசி இன்றும் பல நாடுகளில் பயன் தந்து வருகிறது. குறை வேறிடத்தில் இருந்தது. கம்மத்தில் பெற்றோர் இட வேண்டிய கையொப்பத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் இட்டிருந்தனர்.

பிறர் உடலுக்காகக் கையொப்பமிடும் இப்பழக்கம் விடுதிகளில் மட்டுமா இருக்கிறது? அன்பின் பெயரால் நம் வீடுகளிலும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாப்பா சிறுநீரக நோயால் மருத்துவமனையில் இருந்தபோது, ஓர் இளைஞர் ஆய்வுப் படிவத்துடன் வந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. வாப்பாவைக் கடந்து பிள்ளைகளாகிய எங்களிடமே அதை நீட்டி, “வழக்கமான கையெழுத்துதான்” என்றார். எங்கள் ராத்தா அதை வாங்கவில்லை. “தமிழில் கொண்டுவாருங்கள், வாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்” என்றார்.

மறுநாள் தமிழ்ப் படிவம் வந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் ராத்தா பக்கம் பக்கமாக வாசிக்க, வாப்பா மூன்று கேள்விகள் கேட்டார். சேராவிட்டால் இப்போதைய சிகிச்சை நின்றுவிடுமா? கேடு நேர்ந்தால் செலவு யாருடையது? எடுக்கும் இரத்தம் எங்கே போகும்? மருத்துவரே வந்து விடையளித்தார். தமக்குக் கிடைப்பது மருந்தா, மருந்தற்ற வெறும் மாத்திரையா என்பதை அறிய முடியாது என்பதும் படிவத்தில் இருந்தது. வாப்பா சோதனைக்கு இசைந்தார். எஞ்சும் இரத்தத்தைப் பிற்கால ஆய்வுகளுக்குச் சேமித்துவைக்க மட்டும் மறுத்தார். எங்களுள் சிலருக்கு அம்முடிவில் உடன்பாடில்லை. சோதனையே வேண்டாம் என்று அஞ்சினோம். ஆயினும் அந்த அமானிதத்திற்குப் பொறுப்பாளர் அவரே என்று அடங்கினோம்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்ளும் முறையைக் கூறுவது (2:282). கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவரால் இயலாதபோதுதான் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. சுமையை ஏற்பவரின் வாய்ச்சொல்லே முதன்மையானது. பணத்திற்கே இத்தனை கவனம் என்றால் உடலுக்கு எத்தனை வேண்டும்!

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. புதிய மருந்துச் சோதனைகளுக்கான 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, விளக்கம் நோயாளிக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும். எழுத்தறியாதவராயின், சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். நோயாளி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் சமயவியல் அறிஞருக்கும் இடமளிக்க அவ்விதிகளில் வழி இருக்கிறது. நம் ஆலிம்கள் இத்துறையைக் கற்று அவ்விடங்களில் அமர்வது சமுதாயத்திற்குச் செய்யும் சேவையாகும்.

ஆகவே, படிவம் நம் கைக்கு வந்தால் முதலில் நோயாளியின் பக்கம் திரும்புவோம். உணர்வும் தெளிவும் உள்ளவரை வாப்பாவுக்காக மகனோ, மனைவிக்காகக் கணவனோ முடிவெடுக்க வேண்டாம். வாசித்துக் காட்டுவோம், கேள்வி கேட்க அவகாசம் அளிப்போம், அவர் சொல்வது நம் விருப்பத்திற்கு மாறாக இருந்தாலும் செவிசாய்ப்போம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவாறு பேண வல்ல அல்லாஹ் நமக்கு நல்லருள் புரிவானாக!