கதையா, சண்டையா? ஒரு பெருநாள் மாலை விவாதம்



கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, வழக்கம்போல் நாங்கள் அனைவரும் ஆவடியில் உள்ள அத்தாவின் வீட்டில் கூடியிருந்தோம். நான் அம்பத்தூரிலிருந்து மனைவி மக்களுடன் மின்ரயிலில் வந்திருந்தேன். தங்கை குடும்பத்தார் பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு வழியாக வந்து சேர்ந்தார்கள். குர்பானி இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுத்து, உண்டு முடித்து, பெரியவர்கள் சற்றே கண்ணயர்ந்த வேளையில் மாடியறையிலிருந்து பெரும் வாக்குவாதம் கேட்டது. சொத்துத் தகராறோ என்று எண்ணும் அளவுக்குச் சூடு. ஏறிப் பார்த்தால், என் மகனும் தங்கை மகனும் ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சண்டையிட்டுக் கொண்டிருந்தார்கள்.

ஒருவனுக்குப் பதினேழு வயது, மற்றவனுக்குப் பத்தொன்பது. பேசுபொருள் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்னும் தொடர். யூபிசாஃப்ட் நிறுவனம் 2007-இல் இதன் முதல் பாகத்தை வெளியிட்டது. 1191-ஆம் ஆண்டு, மூன்றாம் சிலுவைப் போரின் காலம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் நாட்கள். திமிஷ்க், அக்கா, பைத்துல் முகத்தஸ் ஆகிய நகரங்களின் கூரைகளில் ஏறி ஓடும் ஒருவன்தான் அதன் நாயகன். பிற்பாகங்கள் எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றன. 2023-இல் வந்த ‘மிராஜ்’ மீண்டும் நம் வரலாற்று நிலத்துக்கே, அப்பாஸியர்களின் பக்தாதுக்கு, கி.பி. 861-க்குத் திரும்பியது.

தங்கை மகனின் கட்சி சண்டை. “மச்சான், அந்தப் பழைய கேம்ல எதிரிங்க வரிசையா நின்னு ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்குவான்டா. அது சண்டையா? 2017-ல ‘ஆரிஜின்ஸ்’ வந்தப்புறம்தான் வாள் வாளாச்சு” என்றான். என் மகனின் கட்சி கதை. “வாள் வளந்துச்சு, கதை தேஞ்சு போச்சு. ‘ஒடிஸி’யும் ‘வல்ஹாலா’வும் எத்தனை மணி நேரம் ஓடுது! முடிக்கும்போது எதுக்காக ஆரம்பிச்சோம்னே மறந்துடுது” என்றான். மிராஜ் அளவில் சிறியது, மறைந்து செல்வதற்கே முதலிடம் தருவது என்பதால் அவனுக்கு அது பிடித்திருந்தது. அதில் கத்தி மழுங்கிவிட்டது என்பது இவனுடைய முறையீடு. 2025-இல் வந்த ‘ஷேடோஸ்’ பாகத்தில், மறைந்து தாக்க நாவோயே என்னும் பெண்ணையும், நேருக்கு நேர் மோத யாசுகே என்னும் வீரனையும் தனித்தனியே வைத்திருக்கிறார்களாம். இந்த இரு கட்சிகளின் வழக்குத் தீராமல், அதைத் தயாரித்தவர்களே ஆளுக்கொரு நாயகனைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் போலும்!

வேறொரு நாளாக இருந்திருந்தால் ‘இரண்டுமே வீண், போய்த் தொழுகைக்கு ஆயத்தமாகுங்கள்’ என்று சொல்லி இறங்கியிருப்பேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு.

அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது, தெரிந்தவர் ஒருவர் “உங்க பையனை இப்பல்லாம் ஜமாஅத்துல காணோமே” என்றார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். எனக்கோ முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வீட்டுக்கு வந்தேன். மகன் திரையின் முன் கன்ட்ரோலருடன் அமர்ந்திருந்தான். ஒரு சொல் கேட்கவில்லை. கை ஓங்கி அடித்துவிட்டேன். அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்றான். “இப்பத்தானே தொழுதுட்டு உக்காந்தான்” என்றாள் மனைவி. முஸல்லா இன்னும் மடிக்கப்படாமல் தரையில் கிடந்தது.

ஜமாஅத்தைத் தவறவிட்டதற்காக அவனைக் கண்டித்திருக்கலாம். அது தந்தையின் கடமை. ஆனால் என் கை உயர்ந்தது தொழுகைக்காகத்தானா? இந்தக் கேள்வியை அன்றே என்னிடம் கேட்டுக்கொள்ளத் துணிவில்லை. அவனும் அதன்பின் என்னுடன் தேவைக்கு மேல் பேசவில்லை. அதனால்தான் பெருநாள் மாலையில் அவன் குரல் உற்சாகமாக ஒலிப்பதைக் கேட்டதும், அதை நிறுத்த மனம் வராமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அப்போது என் மகன் சொன்ன ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. முதல் பாகத்தின் நாயகனுடைய கூட்டத்தாருக்குச் சில கட்டளைகள் உண்டாம். அவற்றுள் தலையாயது, குற்றமற்றவர் மீது கத்தி படக் கூடாது என்பது. விளையாடுபவர் வழிப்போக்கரை வெட்டினால் நாயகனின் உயிராற்றல் குறையும். தொடர்ந்து வெட்டினால் ஆட்டமே நின்றுபோகும். மூதாதையின் நினைவுக்குள் வாழ்வதாக அமைந்த கதை அது. ‘உன் மூதாதை இப்படிச் செய்யவில்லை’ என்று சொல்லி அந்த நினைவு அறுந்துவிடும். 2018-இன் ஒடிஸியிலோ பொதுமக்களைக் கொன்றால் தலைக்கு விலை வைத்துக் கூலிப்படையினர் துரத்துவார்கள். அவர்களையும் வென்றுவிட்டால் ஆட்டம் தொடரும். “அங்க அது தப்பு. இங்க அது வெறும் செலவு. இதைத்தான்டா கதை போச்சுன்னு சொல்றேன்” என்றான்.

தங்கை மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நீ சொல்றது கதை இல்ல மச்சான், சண்டையோட சட்டம்” என்றான். அவன் சொன்னது மிகச் சரி என்று எனக்குத் தோன்றியது. கதை ஒருபுறம், சண்டை ஒருபுறம் என்று இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றாகும் இடம் ஒன்று உண்டு. கை எங்கே நிற்க வேண்டும் என்று வரையறுக்கப்படும் இடம் அது. வரம்பில்லாத சண்டைக்குக் கதை கிடையாது, கணக்கு மட்டுமே உண்டு.

இஸ்லாம் போரைப் பேசும்போதெல்லாம் அதன் வரம்பையும் சேர்த்தே பேசுகிறது. கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் படையை அனுப்பியபோது, தளபதியருள் ஒருவரான யஸீத் இப்னு அபீ சுஃப்யான் (ரலி) அவர்களுக்குப் பத்து அறிவுரைகள் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது. கனி தரும் மரத்தை வெட்டலாகாது. மக்கள் வாழும் இடத்தைப் பாழாக்கலாகாது. உணவுக்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது என்றெல்லாம் அவை நீள்கின்றன. எப்படி வெட்டுவது என்ற பயிற்சிக் குறிப்பு எதுவும் அவற்றில் இல்லை. எதை வெட்டக் கூடாது என்பதே பெரும்பகுதி.

உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்வீரர்களை ஒரு குன்றின்மீது நிறுத்தி, எது நடந்தாலும் இடம் பெயரக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். வெற்றி கண்ணுக்குத் தெரிந்தபோது, கனீமத் பொருள்களை நாடி அவர்களுள் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். போரின் போக்கு மாறியது. அங்கே வாள்வன்மைக்குக் குறைவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் சிலர் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நாம் அந்த நிகழ்ச்சியைச் சொல்லிவருவது இந்தப் படிப்பினைக்காகவே.

தமிழ் முஸ்லிம் புலவர்கள் போரைப் பாடத் தயங்கியவர்கள் அல்லர். ‘படைப்போர்’ என்று ஓர் இலக்கிய வகையையே தமிழுக்குத் தந்தவர்கள். ஆயினும் உமறுப்புலவர் சீறாப்புராணத்தை அமைத்த முறையைக் காணுங்கள். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று. பத்ரும் உஹதும் மூன்றாம் காண்டத்தில்தான் வருகின்றன. அண்ணலாரின் பிறப்பையும் நுபுவ்வத்தையும், மக்காவில் பொறுத்த துன்பங்களையும் கடந்த பிறகே வாசகன் போர்க்களத்துக்கு வந்து சேர்கிறான். யார், எதற்காக, எத்தனை காலம் பொறுத்த பின் வாளெடுத்தார் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இதற்குள் அத்தாவும் மாடிக்கு வந்துவிட்டார்கள். அத்தா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். விஜயந்தா முதல் அஜேயா வரை பல டாங்கிகள் அவர்கள் கண்முன் உருவாகி வெளியேறியவை. தங்கை மகன், “நன்னா, நீங்க சொல்லுங்க. டாங்கியில முக்கியம் எது? பீரங்கிதானே?” என்று கேட்டான். அத்தா சிரித்துவிட்டு, “பீரங்கியைப் பாக்கத்தான் எல்லாரும் வருவாங்க. நாப்பது டன் வண்டி ஓடி வந்து சொன்ன எடத்துல நிக்குதான்னு பாத்துக்கிட்டு நிப்போம் நாங்க. நிக்கலன்னா அது நம்ம ஆளு மேலயே ஏறும்” என்றார்கள்.

அவர்கள் டாங்கியைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு என் கை நினைவுக்கு வந்தது.

மௌலானா ரூமி (ரஹ்) தம் மஸ்னவியின் முதல் பாகத்தில் கூறும் நிகழ்ச்சி ஒன்றை நம்மில் பலரும் பயான்களில் கேட்டிருப்போம். போர்க்களத்தில் எதிரியை வீழ்த்தி, வாளை ஓங்கிய நிலையில் நிற்கிறார்கள் அலீ (ரலி) அவர்கள். வீழ்ந்தவன் அவர்களின் முகத்தில் உமிழ்கிறான். அலீ (ரலி) அவர்கள் வாளைத் தாழ்த்திவிடுகிறார்கள். காரணம் கேட்டபோது, அதுவரை அல்லாஹ்வுக்காகப் போரிட்டதாகவும், உமிழ்ந்தபின் வெட்டினால் தம் சினமும் அதில் பங்கு கேட்கும் என்றும் விளக்குகிறார்கள். இந்தக் கதையை நானே பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பள்ளிவாசல் படியில் என் கௌரவத்தின்மீது ஒரு சொல் பட்டவுடன், நான் வாளைத் தாழ்த்தவில்லை, ஓங்கினேன். என் மகனை அடித்தது மார்க்கம் அன்று, என் நஃப்ஸ்.

அன்று மஃரிபுக்குப் பள்ளிக்கு நடக்கும் வழியில் அவனிடம் அதைச் சொன்னேன். “அன்னைக்கு நான் அடிச்சது தொழுகைக்காக இல்லப்பா. மத்தவங்க என்ன நெனப்பாங்கன்னுதான். என்னை மன்னிச்சிடு” என்றேன். அவன் சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் நடந்தான். பிறகு, “ஜமாஅத்துக்கு வராதது என் தப்புதான் அத்தா” என்றான். அதற்குமேல் இருவரும் பேசவில்லை. ஸஃபில் அருகருகே நின்றோம்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வீடியோ கேம் கூடும், கூடாது என்று தீர்ப்பளிக்க நான் ஆலிம் அல்லன். ஐயமுள்ளோர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிக. இந்தத் தொடரிலும் நாம் ஏற்கவியலாதவை உண்டு. அதில் வரும் கூட்டம், 1090-இல் ஹஸன் இப்னு ஸப்பாஹ் கைப்பற்றி, 1256-இல் மங்கோலியரிடம் வீழ்ந்த அலமூத் கோட்டையின் நிஸாரிகளைத் தழுவியது. அவர்கள் வாயில் வரும் தாரக வாசகமோ வரம்பு என்பதே இல்லை என்னும் போக்குடையது. அலமூத்தைப் பற்றி 1938-இல் ஸ்லோவீனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் எழுதிய புதினத்திலிருந்து வந்தது. ஹலாலும் ஹராமும் வகுக்கப்பட்ட வாழ்வை ஏற்ற நமக்கு அது ஒவ்வாது. வரலாறும் அங்கே கற்பனையோடு கலந்தே கிடைக்கும். ஆனால் இவற்றைப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல, அவன் எதைப் பார்க்கிறான் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! மிராஜில் அஹ்மத் இப்னு மூஸாவைக் கண்ட பிறகுதான், பனூ மூஸா சகோதரர் மூவரும் நுட்பக் கருவிகளைப் பற்றி உண்மையிலேயே ஒரு நூல் எழுதியவர்கள் என்பதை என் மகன் தேடிப் படித்திருக்கிறான். அவன் சொல்லித்தான் நானும் அறிந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. பாங்கு கேட்டால் திரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் சிறிது நேரம் நானும் அருகில் அமர்கிறேன். பக்தாதின் தெருக்களில் அவன் என்னை அழைத்துச் செல்கிறான். தங்கை மகன் தொலைபேசியில் அழைத்து, கத்தி இன்னும் மழுங்கல்தான் என்கிறான். அவர்களின் வழக்கு முடியவில்லை. முடிய வேண்டும் என்ற விருப்பமும் எனக்கில்லை.

நம் கைகளுக்கு வலிமையைத் தந்த அல்லாஹ், அவற்றை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் தெளிவையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.