பெட்டியின் பெயரும் சில்லின் பெயரும்

ஒலி திசையோடு கூடியது. பின்னால் வரும் வண்டியைக் கண் காணுமுன் காது உணர்ந்துகொள்கின்றது. இவ்வியல்பை வீட்டறைக்குள் கொண்டுவரும் முயற்சியே சூழொலி. முன்னே இடம், வலம், நடு; பின்னே இடம், வலம்; தாழ்ந்த அதிர்வுகளுக்கெனத் தனியொன்று. இந்த ஆறு ஒலிபெருக்கிகளையும் கணனி ஆள்வதற்கு அதற்கேற்ற ஒலி அட்டை வேண்டும். கணனி லினக்ஸில் இயங்குவதாயின் அவ்வட்டையைத் தேர்வது சிறியதோர் ஆராய்ச்சியாகவே மாறிவிடுகின்றது.

அட்டையிலுள்ள சில்லோடு உரையாடுவதற்கு இயக்கி என்னும் மென்பொருள் இன்றியமையாதது. வின்டோஸுக்குரிய இயக்கியை உற்பத்தியாளரே எழுதித் தருகின்றார். லினக்ஸுக்கு உரியதைப் பெரும்பாலும் பிறரே எழுதவேண்டியுள்ளது. அவர்களுக்குச் சில்லின் உள்ளமைப்பை உற்பத்தியாளர் கூற மறுப்பின், விலைகொடுத்து வாங்கியவன் கையில் எஞ்சுவது ஊமைப் பலகையே. பொருள் ஒருவனுடையது, அதனைப் பேசவைக்கும் அறிவோ மற்றொருவனிடம் பூட்டிக் கிடக்கின்றது. இதனை நியாயம் என்பது கடினம்.

கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்னும் அட்டைக்கு இயக்கி எழுதும் முயற்சியிலிருந்தே யாரோஸ்லாவ் கிசேலா என்பார் 1998இல் 'அல்சா' திட்டத்தைத் தொடங்கினார். 2003 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் கருவின் 2.6 ஆம் பதிப்பில் அதுவே முறையான ஒலியமைப்பாயிற்று. எனினும், கிரியேட்டிவ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட எக்ஸ்-ஃபை அட்டைகளுக்கான மூலநிரல் 2008இலேயே திறந்துவிடப்பட்டது. லினக்ஸ் கருவினுள் அவற்றின் இயக்கி இடம்பெற்றது 2009இல். இதற்கு மாறாக, சீ-மீடியாவின் ஒக்சிஜன் சில்லுக்கும் அதனை ஏந்திய ஏசஸ் ஸோனார் அட்டைகளுக்கும் கிளெமென்ஸ் லாடிஷ் எழுதிய இயக்கிகள் 2008இலேயே கருவினுள் சேர்ந்துவிட்டன.

ஆதலின், பெட்டியின் மீதுள்ள பெயரை நம்பலாகாது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற பெயரில் முதலில் வந்த அட்டைகளில் இருந்தது ஈ.எம்.யு. 10 கே 1 சில்லு. அதே பெயரோடு '24 பிற்' என்னும் அடைமொழி சேர்த்து விற்கப்பட்டதில் இருந்ததோ சி.ஏ. 0106. இரண்டுக்கும் இயக்கிகள் வேறு. கடைக்காரரிடம் கேட்கவேண்டியது சில்லின் பெயரையே; அவர் வியப்போடு நோக்கினும் கேட்கத்தான் வேண்டும்.

'எஸ்பிடிஃப்' எனும் எண்ணிமத் துளை இருப்பது கண்டு மகிழ்வோரும் உளர். அது சுருக்கப்படாத ஒலியை இரு தடங்களிலேயே கடத்தவல்லது. ஆறு தடங்கள் டொல்பி போன்று சுருக்கப்பட்ட வடிவில்தான் செல்லும். எச்.டி.எம்.ஐ. இணைப்போ எட்டுத் தடங்களைச் சுருக்காமலே கடத்தும். அதனை ஏற்கும் ஒலிபெருக்கித் தொகுதி உடையவருக்குத் தனி அட்டையே தேவைப்படாது போகலாம்.

அட்டையைப் பொருத்தியபின் உரையாடல் முதுகுப் புறத்திலிருந்து கேட்குமாயின், உடனே அதனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. அல்சாவின் வழமையான வரிசையில் பின்னிரண்டும் மூன்றாம் நான்காம் தடங்கள். 'வேவ்' கோப்பிலோ மூன்றாவது நடு, நான்காவது தாழொலி. இவ்வரிசை மாறியிருக்கின்றதா என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.